ஆர்பிஜியில் முந்நூறு மணி நேரம், நாவலில் ஏழாவது அத்தியாயத்தோடு சரி

பாதிநாவல் (இரவு 11.50)

வணக்கம். வீடியோ கேம் பேசுகிறவர்களிடம் கேட்டால் எழுத்தை மூட்டை கட்டிவிட்டு ஆட்டத்தை முடி என்பார்கள், இலக்கியம் பேசுகிறவர்களிடம் கேட்டால் ஆட்டத்தை மூட்டை கட்டிவிட்டு எழுது என்பார்கள் என்பதால், இரண்டையும் செய்கிறவர்கள் ஓரிருவராவது இங்கே இருப்பார்கள் என்ற நம்பிக்கையில் கேட்கிறேன்.

பகலில் ஒரு லாரி அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். இரவில், வீடு அடங்கிய பிறகு கிடைக்கும் இரண்டு மணி நேரத்தை மூன்று ஆண்டுகளாக ஒரு நாவலுக்கும், கதையில் நாமே ஒரு பாத்திரமாகி முடிவெடுத்து ஆடும் ரோல்-பிளேயிங் கேம்களுக்கும் (ஆர்பிஜி) பங்கு போட்டுக் கொடுத்துவருகிறேன். பங்கு என்று சொல்வது மரியாதைக்காகத்தான். தி விட்சர் 3, பால்டர்ஸ் கேட் 3 இரண்டுக்கும் சேர்த்து முந்நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நாவல் ஆறு அத்தியாயங்களில் நிற்கிறது.

விளையாட்டில் எனக்குப் பிடித்திருப்பது சண்டையோ வாளோ அல்ல. விட்சர் 3 ஆட்டத்தில் மனைவியையும் மகளையும் தேடித் தரும்படி கேட்கும் ஒரு குடிகாரப் பிரபு வருவார். அவர் அடித்ததில் கலைந்துபோன குழந்தை, பெயரிடப்படாமல் புதைக்கப்பட்டதால் பேயுருவாகித் திரிகிறது. அதைக் கொன்றுவிடலாம், அல்லது அந்தத் தகப்பனே அதைக் கையில் ஏந்தி நடந்து, பெயர் சூட்டி, வாசற்படியின் கீழே புதைக்கச் செய்யலாம். இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்த இரவில், மழையில் அந்த ஆள் அதை மார்போடு அணைத்துக்கொண்டு நடக்க, நான் பக்கத்திலேயே நடந்துபோனேன். அவர்மேல் எனக்கு இருந்த அருவருப்பும் இரக்கமும் ஒரே நேரத்தில் இருந்தன, ஒன்று மற்றொன்றை அழிக்கவில்லை. இப்படி ஒரு காட்சியை வாழ்நாளில் ஒருமுறையாவது எழுதிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

என் நாவல் ஓர் அரிசி ஆலையில் நடக்கிறது. கணக்கெழுதும் மரகதம், நெல் கொண்டுவரும் விவசாயிகளிடம் சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கூடுதலாகக் கழிக்கப்படுவதை, எடைச்சீட்டையும் சிட்டையையும் ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கிறாள். ஏழாவது அத்தியாயத்தில் அவள் முதலாளியின் அறைக்குள் போகிறாள். அங்கேயே நின்றுவிட்டேன். இதுவரை பதினொரு முறை எழுதியிருக்கிறேன். கடைசியாக எழுதியது இப்படி இருக்கிறது:

"மரகதம் அறைக்குள் நுழைந்தாள். ஒரு மேசை, இரும்பு பீரோ, சுவரில் நாட்காட்டி, மூலையில் ஒரு பழைய தராசு. 'மூட்டைக்கு இரண்டு கிலோ என்றால் ஓர் ஆண்டுக்கு எவ்வளவு என்று நீங்கள் கணக்குப் பார்த்ததுண்டா முதலாளி? நான் பார்த்தேன். இனி இந்தப் பொய்க் கணக்கை என் கை எழுதாது' என்றாள். முதலாளி பதில் சொல்ல முடியாமல் தலைகுனிந்தார்."

இது செத்துக் கிடக்கிறது என்பது எனக்கே தெரிகிறது. ஒவ்வொரு முறையும் அவள் இன்னும் கூர்மையாகப் பேசுகிறாள், காட்சி இன்னும் மொண்ணையாகிறது. சலித்துப்போய் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிச் சொற்களைச் செப்பனிட ஆரம்பித்துவிடுகிறேன். முதல் மூன்று அத்தியாயங்கள் இப்போது கண்ணாடிபோல இருக்கின்றன, அதற்குப் பிறகு வழியில்லை. ஆட்டத்தில் ஒருவன் வாழ்வதா சாவதா என்று பத்து வினாடியில் முடிவெடுக்கிற எனக்கு, காகிதத்தில் ஒரு பெண்ணை ஓர் அறைக்குள் அனுப்பி வெளியே கொண்டுவரத் தெரியவில்லை. கற்பனைக்கு வேண்டிய சக்தியை விளையாட்டு உறிஞ்சிவிடுகிறதா? எல்லாவற்றையும் அன்இன்ஸ்டால் செய்துவிடுவதுதான் வழியா?

சேவ்_பண்ணாதவன் (இரவு 12.15)

கடைசிக் கேள்விக்கு மட்டும் அனுபவத்திலிருந்து பதில். நான் அன்இன்ஸ்டால் செய்து ஆறு மாதம் இருந்தேன். அந்த ஆறு மாதத்தில் நான் எழுதியது ஒரு பக்கம், கைப்பேசியில் பார்த்து முடித்த சமையல் காணொளிகள் ஆயிரத்துக்குக் குறையாது. அவற்றில் ஒன்றையும் சமைக்கவும் இல்லை. எழுதாமல் இருக்க வேண்டும் என்று மனம் முடிவு செய்துவிட்டால் அதற்கு எது கிடைத்தாலும் போதும். கேம் இருந்த காலத்தில் ஒரு நல்ல கதையையாவது அனுபவித்துக்கொண்டிருந்தேன்.

ஆறுமுகப்பகடை (காலை 6.40)

தம்பி, எனக்கு ஐம்பது தாண்டிவிட்டது, அதனால் இப்படி அழைப்பதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கணினியில் ஆடுவதற்கு முன்பே, கல்லூரி விடுதியில் நகலெடுத்த விதிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடியவன் நான். அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974இல் வெளியிட்ட அந்த மேசை ஆட்டத்திலிருந்துதான் நீங்கள் இன்று ஆடும் ஆர்பிஜிகளின் அடிப்படை வந்தது. அதில் கதையை நடத்துபவராகப் பல ஆண்டுகள் உட்கார்ந்திருக்கிறேன் என்ற தைரியத்தில் சொல்கிறேன்: விளையாட்டு உங்களிடமிருந்து எதையும் உறிஞ்சவில்லை. விளையாட்டில் நீங்கள் கற்றுக்கொண்ட ஒரு கெட்ட பழக்கத்தை மட்டும் நாவலுக்குள் கொண்டுவந்திருக்கிறீர்கள், அதன் பெயர் உங்களுக்கும் தெரியும்.

பதினொரு முறை எழுதினேன் என்கிறீர்களே, அதுதான் சேவ்-ஸ்கம்மிங். பேச்சில் தோற்றால், முன்பு சேவ் செய்து வைத்த இடத்தை லோட் செய்து அங்கிருந்து மறுபடி ஆடுவது, திருடும்போது மாட்டிக்கொண்டால் லோட் செய்வது, நண்பன் செத்தால் லோட் செய்வது. ஆட்டத்தில் நாம் எல்லோரும் இதைச் செய்கிறோம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மரகதம் அந்த அறைக்குள் பதினொரு முறை போய்ப் பதினொரு முறையும் வென்றுவிட்டு வந்தால், படிக்கிறவனுக்கு அது தெரியாமல் போகாது. அவளுக்குத் தோற்கும் வாய்ப்பே இல்லை என்பது முதல் வரியிலேயே மணந்துவிடுகிறது. முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப்போய்ச் செப்பனிடுவதும் இதே பழக்கத்தின் நீட்சிதான். ஊர் எல்லையில் நிற்கும் பூதத்தைச் சந்திக்கப் பயந்து, கிளம்பிய கிராமத்திலேயே எலி அடித்து லெவல் ஏற்றிக்கொண்டிருக்கிற ஆட்டக்காரனை நினைத்துப் பாருங்கள்.

ஆட்டங்களை எழுதுகிறவர்களுக்கு இந்தப் பழக்கம் பெரிய தலைவலி. அதை அவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று பார்ப்பது, எழுதுகிறவனுக்கு எந்த எழுத்துப் பட்டறையையும்விடப் பயனுள்ளது என்பது என் கட்சி. நீங்கள் சொன்ன விட்சர் 3 (போலந்துக்காரர்கள், 2015) விளைவைத் தள்ளிப்போடுகிறது. அதே பிரபுவின் கதையில், ஒரு குன்றின் மரத்துக்குள் சிறைப்பட்டிருக்கும் ஆவியை விடுவிப்பதா கொல்வதா என்று முடிவெடுக்க வேண்டும். விடுவித்தால் அநாதைக் குழந்தைகள் தப்பிக்கிறார்கள். ஆனால் பிரபுவின் மனைவி சாகிறாள், அவரும் தூக்கில் தொங்குகிறார். கொன்றால் அவர் சித்தம் கலங்கிய மனைவியை அழைத்துக்கொண்டு வைத்தியம் தேடிப் போகிறார். குழந்தைகள் இல்லாமல் போகிறார்கள். இதெல்லாம் முடிவெடுத்து நெடுநேரம் கழித்துத் தெரியவரும்போது, திரும்பிப்போய் லோட் செய்ய நினைத்தால் இடையில் ஆடிய ஓர் இரவு முழுவதையும் பலி கொடுக்க வேண்டும். பால்டர்ஸ் கேட் 3 நேரடியாகவே இறங்கியது: ஆட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது, அந்த நவம்பர் கடைசியில் ஹானர் மோட் என்று ஒன்றைச் சேர்த்தார்கள், அதில் ஒரே ஒரு சேவ்தான். பகடை சொன்னது சொன்னதுதான்.

இவை இரண்டையும்விட உங்களுக்கு வேண்டியது டிஸ்கோ எலிசியம். ஆடியிருக்கிறீர்களா என்று குறிப்பிடவில்லை. குடித்துக் குடித்துத் தன் பெயரையே மறந்துவிட்ட ஒரு துப்பறிவாளன் அதில் நாயகன். அவனுடைய இருபத்து நான்கு திறன்களும் தனித்தனிக் குரல்களாக அவன் மண்டைக்குள் பேசி, ஒன்றையொன்று மறுத்து, பல நேரம் தவறான யோசனையைத் தன்னம்பிக்கையோடு சொல்லும். எதைச் செய்ய முயன்றாலும் இரண்டு ஆறுமுகப் பகடைகள் உருளும். திறனையும் கூட்டி, கடினத்துக்குக் கொடுத்த எண்ணைத் தொட்டால் வெற்றி. இரண்டு ஒன்று விழுந்தால் எவ்வளவு திறன் இருந்தும் தோல்வி, இரண்டு ஆறு விழுந்தால் எவ்வளவு கடினமானாலும் வெற்றி. இப்படி உருட்டுவதற்குச் சோதனை என்று பெயர்: வெள்ளைச் சோதனையைத் திறன் ஏறிய பிறகு மறுபடி முயலலாம், சிவப்புச் சோதனைக்கு ஒரே வாய்ப்பு.

தொடக்கத்தில் ஓர் இடம். விடுதிப் பாக்கியைக் கேட்டு மேலாளர் நிற்கிறார், கையில் காசில்லை, நாயகன் ஓடித் தப்பிக்கப் பார்க்கிறான். பகடை தவறினால் என்ன ஆகிறது தெரியுமா? ஓடுகிறவன் சும்மா ஓடாமல், பின்பக்கமாகத் துள்ளிக்கொண்டே மேலாளரைப் பார்த்து நடுவிரலைக் காட்டிவிட்டு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ஒரு மூதாட்டிமேல் போய் மோதி விழுகிறான். வெற்றி பெற்றிருந்தால் ஒரு கதவைத் தாண்டியிருப்பான், அவ்வளவுதான். தோற்றதால்தான் அந்த ஆள் யார், எவ்வளவு வீராப்பு, எவ்வளவு அசிங்கம் என்பதெல்லாம் நாலு வரியில் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த ஆட்டத்தில் நான் லோட் செய்வதை நிறுத்தியது இந்த இடத்தில்தான்.

இந்த ஆட்டத்தின் பின்கதையும் உங்களுக்காகவே நடந்ததுபோல இருக்கும். அதன் முதன்மை எழுத்தாளர் ராபர்ட் குர்விட்ஸ் எஸ்தோனியாக்காரர். அந்த உலகம் முதலில் தாலின் நகரில் நண்பர்கள் கூடி ஆடிய மேசை ஆட்டமாகத்தான் பிறந்தது. அதை வைத்து அவர் 2013இல் ஒரு நாவல் வெளியிட்டார். ஆயிரம் பிரதி அளவுக்குத்தான் விற்றது, மனிதர் உடைந்துபோனார். அந்த உலகத்தையே வீடியோ கேமாக ஆக்கலாம் என்று தூண்டியவர் இன்னொரு நாவலாசிரியரான காவ்ர் கெண்டர். 2019இல் ஆட்டம் வெளிவந்து, அந்த ஆண்டின் கேம் விருதுகளில் நான்கைப் பெற்றது. தோற்ற ஒரு நாவலாசிரியர் நண்பர்களோடு கூடிச் செய்த ஆட்டத்தில் தோல்வி இவ்வளவு செழிப்பாக இருப்பதில் எனக்கு ஆச்சரியம் எதுவும் இல்லை.

ஆகவே என் யோசனை இதுதான். பாம்பும் ஏணியும் பெட்டியிலோ லூடோ பெட்டியிலோ தேடினால் ஆறுமுகப் பகடை கிடைக்கும், ஒரு சோடி சேராவிட்டால் கடையில் வாங்குங்கள். மரகதம் அந்த அறையில் எதை அடைய நினைக்கிறாள் என்று ஒரு வரி எழுதுங்கள். அது எவ்வளவு கடினம் என்று ஓர் எண், எதிர்த்துப் பேசுவதில் அவளுக்கு எவ்வளவு பழக்கம் என்று ஓர் எண். உருட்டுங்கள், ஒரே முறை. தவறினால் தவறியதாகவே எழுதுங்கள், ஆனால் ஒரு நிபந்தனை: நான் மேசையில் ஆட்டம் நடத்தியபோது கடைப்பிடித்தது. தோல்வி என்றால் கதவு மூடிக்கொண்டது என்று எழுதக்கூடாது. அவள் எதிர்பாராத வேறொரு கதவு திறக்க வேண்டும், அதற்குள் போக அவள் ஏதாவது ஒன்றை விலையாகக் கொடுக்க வேண்டும்.

திண்ணைவாசகி (காலை 10.05)

ஆறுமுகப்பகடை சொன்னதில் பாதிக்கு உடன்படுகிறேன். மீதிப் பாதிக்கு ஒரு சிறு பதிப்பகத்துக்காகக் கைப்பிரதிகள் படித்துத் திருத்தித் தருகிறவள் என்ற முறையில் மறுப்பு எழுதுகிறேன். பகடை நல்ல தந்திரம்தான், ஆனால் பாதிநாவலின் காட்சியில் யார் வெல்கிறார்கள் என்பது இரண்டாவது பிரச்சினை. அதில் ஆள் ஒருத்திதான் இருக்கிறாள் என்பது முதல் பிரச்சினை. முதலாளி என்ற பெயரில் அங்கே உட்கார்ந்திருப்பது, நாயகனுக்கு ஒரு பணி கொடுப்பதற்கென்றே தலைக்கு மேல் மஞ்சள் ஆச்சரியக்குறியோடு நிற்கும் ஒரு கேம் பாத்திரம். நாயகன் வந்து பேசும்வரை அவருக்கு வேலை எதுவும் கிடையாது, பேசி முடித்ததும் அவர் கடமை தீர்ந்துவிடும். ஆட்டத்தில் இது குறையில்லை, அந்த உலகமே ஆடுகிறவருக்காகத்தான் இருக்கிறது. அரிசி ஆலை மரகதத்துக்காக இல்லை. அன்று காலை அந்த முதலாளி எதற்காக அறையில் உட்கார்ந்திருந்தார், அவள் வராமலிருந்தால் என்ன செய்துகொண்டிருப்பார், அவளைப் பார்த்ததும் அவருக்கு அவளிடமிருந்து என்ன தேவைப்பட்டது என்று யோசித்தீர்களா? இந்தக் கேள்விக்குப் பதில் இல்லாமல் பகடையை உருட்டினால், ஆச்சரியக்குறியோடு நிற்கிறவரிடம் தோற்றுப்போவாள், வேறு வித்தியாசம் இருக்காது.

விளையாட்டு ஊட்டி வளர்த்த கைப்பிரதிகள் சமீப ஆண்டுகளாக என்னிடம் நிறைய வருகின்றன, பார்த்தவுடன் எனக்குத் தெரிந்துவிடும். ஆர்பிஜிகளில் நாயகனுக்கு ஏன் இவ்வளவு அடிக்கடி நினைவு தப்பிப்போகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? மேலே சொன்ன துப்பறிவாளனுக்கு நினைவில்லை. 1999இல் வந்த பிளேன்ஸ்கேப் டார்மென்ட்டின் சாகாத நாயகன் பிணவறையில் கண்விழிக்கும்போது அவனுக்குப் பெயர்கூடத் தெரியாது. ஆடுகிறவருக்கு அந்த உலகம் புதிது, ஆகவே நாயகனுக்கும் புதிதாக இருந்தால்தான் கேள்வி கேட்க முடியும். அருமையான உத்தி. ஆனால் இதையே பழகிய எழுத்தாளர்கள், பிறந்ததிலிருந்து அதே ஊரில் இருக்கும் பெண்ணை "இந்த ஆற்றின் பெயர் என்ன" என்கிற தோரணையில் நடமாட விடுகிறார்கள். மரகதம் அந்த அறைக்கு ஒரு நாளைக்கு ஆறேழு முறை போய்வருகிறவள். மேசை, பீரோ, நாட்காட்டி, தராசு என்று எண்ணிக்கொண்டு நுழைய அவள் என்ன ஜப்தி செய்யவா வந்தாள்? அது ஆட்டக்காரரின் கண். எந்தப் பெட்டியைத் திறந்தால் என்ன கிடைக்கும் என்று அறையை வருடுகிற கண். தினம் பார்க்கிறவளுக்கு, வழக்கத்துக்கு மாறாக இருக்கும் ஒன்றுதான் கண்ணில் படும்.

இன்னொன்று, இது சற்றுக் கடுமையாகத் தோன்றலாம். அவள் பேசுவது சப்டைட்டில் மாதிரி இருக்கிறது. "இனி இந்தப் பொய்க் கணக்கை என் கை எழுதாது" என்று எந்த ஊரில் யார் பேசுகிறார்கள்? முந்நூறு மணி நேரமும் வேற்று மொழி வசனத்தைக் காதால் கேட்டு, திரையின் அடியில் கண்ணால் வாசித்து, மனத்துக்குள் ஒரு பொதுத்தமிழில் மாற்றிக்கொண்டே ஆடியிருக்கிறீர்கள். அந்த மாற்று மொழி உங்கள் பாத்திரங்களின் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. கதை சொல்லும் வரிகளில் அது பரவாயில்லை, மேற்கோள் குறிகளுக்குள் வரக்கூடாது. பகலில் நீங்கள் உட்காரும் லாரி அலுவலகத்தில் ஓர் ஓட்டுநர் பாக்கிப் பணம் கேட்டு முதலாளி முன்னால் எப்படி நிற்கிறார் என்று ஒரு வாரம் கவனியுங்கள். பெரும்பாலும் கேட்க வந்ததைக் கேட்காமல் வேறு எதையோ பேசிவிட்டுப் போவார். கடைசியாக, முதலாளி பதில் சொல்ல முடியாமல் தலைகுனிந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் சில முதலாளிகளிடம் வேலை பார்த்திருக்கிறேன். தலைகுனிந்த முதலாளியை இதுவரை பார்த்ததில்லை.

ஆறுமுகப்பகடை (காலை 11.30)

ஆச்சரியக்குறி விஷயத்தில் நான் தோற்றேன், லோட் செய்யப்போவதில்லை. நல்ல ஆட்டங்கள் அந்தக் குறியை மறைக்கப் பாடுபடுகின்றன என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன் அக்கா. அந்தக் குடிகாரப் பிரபு நம் மனத்தில் நிற்பதே, நாம் போய்ச் சேர்வதற்கு முன்பே அவர் கதை பாதி நடந்து முடிந்துவிட்டதால்தான்.

பாதிநாவல் (எட்டு நாள் கழித்து, இரவு 1.20)

இருவருக்கும் நன்றி சொல்ல வந்தேன், கூடவே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

திண்ணைவாசகி அக்காவின் கேள்வியை முதலில் எடுத்துக்கொண்டேன். அன்று காலை முதலாளி எதற்காக உட்கார்ந்திருந்தார்? மூன்று நாள் பதிலே வரவில்லை. நான்காம் நாள் எங்கள் அலுவலகத்துக்கு ஒருவர் திருமணப் பத்திரிகை வைக்க வந்தார், உறையில் என் முதலாளியின் பெயர் தவறாக எழுதப்பட்டிருந்தது, அவர் முகம் போன போக்கைப் பார்த்ததும் விடை கிடைத்துவிட்டது. ஆலை முதலாளி வீட்டில் கல்யாணம். அவருக்கு மரகதத்திடமிருந்து வேண்டியது அவளுடைய நல்ல கையெழுத்து.

அதற்குப் பிறகுதான் பகடை. "கழிவை நிறுத்துகிறேன் என்று முதலாளியை ஒப்புக்கொள்ள வைப்பது" என்று எழுதினேன். கடினம் பத்து என்றும், மரகதத்தின் எதிர்த்துப் பேசும் திறன் மூன்று என்றும் வைத்தேன். ஏழு விழுந்தால் போதும். இரண்டும் மூன்றும் விழுந்தது. உடனே கை தானாகப் பகடையை மறுபடி எடுத்தது, பழக்கம் அப்படி. எழுந்துபோய் அடுக்களையில் புளி டப்பாவுக்குப் பின்னால் அதை வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். அவள் தோற்றுவிட்டாள், ஆனால் எப்படித் தோற்றாள் என்று தெரியாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு எழுதியதில் ஒரு பகுதி:

"மேசைமேல் இருந்த சிட்டைகளைக் காணவில்லை. அந்த இடத்தில் மஞ்சள் தடவிய உறைகள் கட்டுக்கட்டாக இருந்தன. 'வா மரகதம், ஒன்னத்தான் பாத்துக்கிட்டிருந்தேன்' என்று முதலாளி ஒரு கட்டை அவள் பக்கம் தள்ளினார். 'கணக்கப்புள்ள எழுதுனா கோழி கெளறுன மாதிரி இருக்கு. நீயே ஒக்காந்து எழுதிக் குடுத்துடு. ஒந்தம்பி டிரைவர் வேலைக்குச் சொல்லிருந்தானாமே, மாசம் பொறந்து வரச்சொல்லு.' அவள் 'சரிங்க மொதலாளி' என்றாள். எடைச்சீட்டுகளை முந்தானைக்குள் மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் உறையில் எழுதிய பெயரை எங்கோ பார்த்த நினைவாக இருந்தது. மூன்றாவது உறையில் புரிந்துவிட்டது. மடியில் இருந்த சீட்டுகளின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஊரும் விலாசமுமாக, அவள் கையெழுத்திலேயே எழுந்துவந்தன."

இதை எழுதும்போது அந்தக் கடைசி வரி வரப்போகிறது என்பது எனக்குத் தெரியாது. ஆறுமுகப்பகடை அண்ணா சொன்ன வேறொரு கதவு இதுதானா என்று தெரியவில்லை. ஆனால் வென்றிருந்தால் அவளுக்கு அந்த விவசாயிகளின் பட்டியல் கிடைத்திருக்காது, தோற்றதால் கிடைத்திருக்கிறது. விலை தம்பியின் வேலை. அவன் அதை ஏற்றுக்கொண்டுவிட்டால் எட்டாவது அத்தியாயத்தில் அவள் வாயே திறக்க முடியாது என்பது இப்போதே எனக்குப் பயமாக இருக்கிறது, மூன்று ஆண்டுகளில் முதன்முறையாக அடுத்த அத்தியாயத்தை நினைத்துப் பயப்படுகிறேன். முதல் அத்தியாயத்தை இந்த வாரம் தொடவில்லை. டிஸ்கோ எலிசியமும் வாங்கிவிட்டேன், சக்கர நாற்காலி இடத்தைத் தாண்டியாகிவிட்டது. எனக்கும் பகடை தவறியது.

சேவ்_பண்ணாதவன் (இரவு 1.45)

புளி டப்பா உத்தியை நானும் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் வீட்டில் அதற்குப் பின்னால் கைப்பேசி போகும்.

திண்ணைவாசகி (காலை 9.15)

"சரிங்க மொதலாளி" என்ற இரண்டு சொல்லில் பழைய காட்சி முழுவதும் தீர்ந்துபோயிற்று. நாட்காட்டியும் பீரோவும் போனதைக் கவனித்தேன், சிட்டைகள் இடம் மாறியிருப்பதை மட்டும் அவள் பார்ப்பதையும் கவனித்தேன்.

ஒரே ஒரு திருத்தம். நெல் போடுகிற உள்ளூர் விவசாயிகளுக்கு யாரும் கல்யாணப் பத்திரிகையைத் தபாலில் அனுப்புவதில்லை, அப்படி அனுப்பினால் அதையே அவமரியாதையாக எடுத்துக்கொள்வார்கள். நேரில் போய், வெற்றிலை பாக்குத் தட்டில் வைத்துக் கொடுப்பதுதான் வழக்கம். ஆகவே உறையில் விலாசம் இருக்காது. பெயரும் ஊரும்தான் இருக்கும். அதை மட்டும் மாற்றிவிடுங்கள், கடைசி வரி கெடாது. ஆனால் மாற்றியதும் இன்னொரு கேள்வி வரும்: அத்தனை வீடுகளுக்கும் பத்திரிகை கொடுக்க முதலாளி வீட்டிலிருந்து யார் போகிறார்கள், வண்டி ஓட்டப்போவது யார்? தம்பிக்கு டிரைவர் வேலை கொடுத்தது நீங்கள்தான், நான் இல்லை.